கதவுக்கு வெளியே அரை மணி நேரம்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது, அதற்கு மெதுவாக வருகிறேன். பாம்புக்குப் பயம், இடிக்குப் பயம், ஆஸ்பத்திரி வாசனைக்குப் பயம். வாய் மட்டும் நீளம். வாய் நீளமானவளுக்கு நெஞ்சிலும் தைரியம் இருக்கும் என்று எங்கள் தோட்டத்தில் ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்பை நானும் கெடுத்ததில்லை. பாலர் பாடசாலையில் இருபது பிள்ளைகளை அதட்டி உட்காரவைக்கிறவள் இருட்டில் பின்கதவைத் திறக்க நடுங்குவாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

கண்டிக்குப் பக்கத்து வத்தேகமவிலிருந்து வரும் பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்துக்கு மேலே இரண்டு வளைவு ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். நான் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றையறைக் காம்பரா ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். லயத்தில் சுவர் என்பது பெயருக்குத்தான். அடுத்த காம்பராவில் ஒருவர் இருமினால் இங்கிருந்து சுடுதண்ணீர் கொண்டு போய்க் கொடுக்கலாம். எங்களுக்குத் தனி வீடுகள் கட்டிக் கொடுத்தபோது, உச்சியில் இருக்கிற வீடுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கியவள் நான்தான்.

"காத்து வரும், சண்டை வராது" என்றேன் என் கணவரிடம்.

"சத்தம் போட்டாலும் ஆள் வராது" என்றார் அவர். அவர் அதிகம் பேசாத மனிதர். பேசுகிற கொஞ்சத்தையும் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நடந்தது புரிய வேண்டுமென்றால் கிறீஸ் பூதத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நான் பத்தாம் வகுப்புப் படித்த காலத்தில் மலையகம் முழுக்க அந்தப் பயம் பரவியது. உடம்பெல்லாம் கறுப்பு கிறீஸ் பூசிக்கொண்ட ஆண்கள் பொழுது சாய்ந்ததும் வீடுகளுக்கு வந்து பெண்களைக் கீறிவிட்டு ஓடுகிறார்கள் என்றார்கள். பிடித்தால் வழுக்கிக்கொண்டு போய்விடுவானாம். யாராவது உண்மையில் வந்தார்களா, பாதி கதையா, எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் லயத்தில் ஒரு பெண் மலைத் தண்ணீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போய் தோளில் நகக்கீறலோடு ஓடி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். அவளுடைய அண்ணன்தான் இப்போது எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள வீட்டில் இருக்கிறார். அன்று இருட்டில் ஒருவனை எட்டிப் பிடித்ததாகவும் அவன் வழுக்கிவிட்டதாகவும் அவர் இன்றைக்கும் சொல்வார். "கையில கெடச்சான், நழுவிட்டான்" என்று சொல்லும்போது உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொள்வார்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வீட்டின் பின்பக்கத் தாழ்வாரத்திலும் வெறும் எண்ணெய்த் தகரம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட வேண்டும். ஒரு வீட்டில் தகரம் அடித்தால் எல்லா வீட்டிலும் அடிக்க வேண்டும். ஆண்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடி வர வேண்டும். கேள்வி கேட்பது பிறகு. பூதப் பயம் தணிந்த பின்பும் தகரம் இறங்கவில்லை. தேயிலைக்குள் சிறுத்தை தெரிந்தால் அடித்தோம், யாருக்காவது வலிப்பு வந்தால் அடித்தோம். தனி வீட்டுக்கு வந்தபோதும் எல்லோரும் மறக்காமல் தகரத்தைக் கொண்டுவந்து கட்டினோம்.

பெண்கள் எங்களுக்குள் சொல்லிக்கொண்ட பாடம் ஒன்றும் இருந்தது. பூதம் ஒற்றையாய் வராது, சோடியாய் வரும். முன்கதவில் ஒருவன் தட்டுவான், நாம் பயந்து பின்கதவால் ஓடுவோம், அங்கே இன்னொருவன் நிற்பான். ஆகவே தட்டினால் அசையக் கூடாது. மூச்சு விடக் கூடாது. வீட்டில் ஆளில்லை என்று போய்விடுவான். பள்ளிக்கூடத்தில் படித்ததில் பாதி மறந்துவிட்டது. இந்தப் பாடம் மட்டும் எலும்பில் ஒட்டிக்கொண்டது.

அது நடந்த அன்று என் கணவருக்குப் பல்லேகலத் தொழிற்சாலையில் இரவு வேலை. நாலு வயது மகளும் நானும்தான் வீட்டில். மாலையிலிருந்து தூறல். மலை முழுக்கப் பனிமூட்டம் இறங்கியிருந்தது. முற்றத்து பல்பை நான் ஆறு மணிக்கே போட்டுவிட்டேன். கணவர் இல்லாத இரவுகளில் விடியும்வரை அது எரியும்.

பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது வானத்தில் ஒரு சத்தம் கேட்டது. எங்கள் தலைக்கு மேலே எப்போதாவது விமானம் போகும், ஆனால் அது எங்கோ உயரத்தில் போகும். இது கூரையைத் தொட்டுக்கொண்டு போவதுபோல் தாழ்வாக வந்தது. நடுவில் இரண்டு மூன்று தடவை செருமியது, மாவு மில்லில் பெல்ட் நழுவும்போது மோட்டார் செருமுமே, அப்படி. பிறகு சத்தமே இல்லை. மகள் வாயைத் திறந்தபடி கூரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து மேல் மலையில் மரம் முறிவதுபோல் ஒரு சத்தமும் அதைத் தொடர்ந்து 'டமார்' என்று ஒன்றும் கேட்டன. நாய்கள் குரைத்தன.

மேல் மலையில் காட்டுப் பன்றிக்கு வெடி வைப்பவர்கள் இருக்கிறார்கள். "பொழுது போனா இவனுங்களுக்கு இதே வேலை" என்று திட்டிவிட்டுப் பிள்ளைக்கு அடுத்த கவளத்தை ஊட்டினேன். விமானம் போன சத்தத்தையும் இந்தச் சத்தத்தையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வானத்திலிருந்து மழையைத் தவிர வேறெதுவும் விழுந்ததில்லை.

மகள் தூங்கிப்போனாள். எட்டரை மணிக்கு நான் தவறாமல் பார்க்கிற இந்திய நாடகம் ஒன்று உண்டு. அதன் பாட்டு தொடங்கியபோது யாரோ கதவைத் தட்டினார்கள்.

எங்கள் ஆட்கள் தட்டினால் கூடவே குரலும் வரும். "என்னா புள்ள, தூங்கிட்டியா?" என்று கேட்டுக்கொண்டுதான் தட்டுவார்கள். இது வெறும் தட்டல். மூன்று தடவை. பிறகு விரலால் அல்ல, உள்ளங்கையால் கதவை அறைவதுபோல் ஒரு சத்தம்.

நான் டிவியின் சத்தத்தை அடைத்தேன். டிவியையே நிறுத்தியிருக்கலாம், ஆனால் உள்ளே இருட்டாகிவிடுமே என்று பயந்தேன். தவழ்ந்து போய் ஜன்னல் திரையின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தேன்.

முற்றத்து பல்பின் கீழே ஒரு ஆள் நின்றான். தலையிலிருந்து இடுப்புவரை கறுப்பு. ஈரமான, பளபளக்கிற கறுப்பு. கண் இரண்டும் மட்டும் வெள்ளை. வாயைத் திறந்தான், உள்ளே சிவப்பாக இருந்தது. கதவின் இடுக்கு வழியாக வாசனையும் வந்துவிட்டது. எண்ணெய் வாசனை, பெற்றோல் வாசனை.

பதினைந்து வயதில் கேட்ட கதை என் முற்றத்தில் வந்து நின்றது. சத்தமாகச் சொல்கிறேன், எனக்கு அந்த நேரத்தில் மகளின் நினைவுகூட உடனே வரவில்லை. என் உடம்பு, என் தோள், அதைக் கீறப் போகிறான், அவ்வளவுதான் நினைவு. பிறகுதான் தவழ்ந்து போய் பிள்ளையின் அருகில் படுத்து, அவள் விழித்தால் வாயைப் பொத்துவதற்குக் கையைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

கைத்தொலைபேசி இருந்தது. ஆனால் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது, முற்றத்துக் கொய்யா மரத்தடியில்தான் கிடைக்கும். தகரம் பின்தாழ்வாரத்தில் தொங்கியது. அதை அடிக்கப் பின்கதவைத் திறக்க வேண்டும். பின்கதவில்தான் மற்றவன் நிற்பானே! நான் அசையவில்லை.

அவன் ஏதோ சொன்னான். சொல் இல்லை அது, 'ங்ஆ, ங்ஆ' என்று தொண்டைக்குள் தண்ணீர் நின்று பேசுவதுபோல் ஒரு சத்தம். மறுபடியும் தட்டினான். மறுபடியும். பிறகு அவனுடைய முதுகோ தோளோ கதவில் உரசிக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. படியில் உட்கார்ந்துவிட்டான். கதவு ஒரு பலகைதான். அந்தப் பக்கம் அவன் மூச்சு வாங்குவது இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

டிவியில் ஒரு பெண் சத்தமில்லாமல் அழுதாள். மாமியார் சத்தமில்லாமல் திட்டினாள். விளம்பரம் வந்தது, சவர்க்காரம், பால்மா. மறுபடி நாடகம். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றையும் பார்க்கவில்லை. இடையிடையே கதவில் ஒரு கை பட்டது, தட்டலாக இல்லை, தடவலாக. சாமியைக் கூப்பிட்டேன், புருஷனைத் திட்டினேன், உச்சி வீடு கேட்ட என் வாயைத் திட்டினேன். நாடகத்தின் கடைசிப் பாட்டு எழுத்துகளோடு ஓடியபோது வெளியே மூச்சுச் சத்தம் கேட்கவில்லை.

போய்விட்டானா, பின்பக்கம் வருகிறானா? அந்த யோசனைதான் என்னை எழுப்பியது. மகளும் விழித்து "அம்மா" என்று பெரிதாக அழத் தொடங்கிவிட்டாள். இனி ஒளிந்து பயனில்லை. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் விறகுக்கட்டை. பின்கதவைத் திறந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு தகரத்தை அடித்தேன். பின்கதவில் யாரும் இல்லை. அடித்துக்கொண்டே இருந்தேன். கீழே ஒரு வீட்டில், அடுத்த வீட்டில், அதற்கடுத்த வீட்டில் தகரங்கள் எழுந்தன. மலை முழுக்கத் தகரச் சத்தம்.

முதலில் வந்தவர் கீழ்வீட்டு அண்ணன். கையில் மண்வெட்டிக் காம்பு. பின்னால் அண்ணி, அவளுக்குப் பின்னால் நாலைந்து ஆண்கள், டோர்ச் வெளிச்சங்கள். நான் ஜன்னலுக்கு வந்துவிட்டேன். படியில் சரிந்து கிடந்த உருவம் வெளிச்சத்தைக் கண்டு எழுந்து நிற்கப் பார்த்தது. அண்ணன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. காம்பை ஓங்கித் தோளில் ஒரு போடு போட்டார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கு உள்ளே கேட்டது.

"இந்த தடவ வழுக்க மாட்டடா!" என்று இரண்டாம் தடவை ஓங்கினார்.

"ஓடலங்க! நில்லுங்க, அவன் ஓடலயே!" என்று கத்தினாள் அண்ணி.

காம்பு மேலேயே நின்றது. உண்மைதான், அவன் ஓடவில்லை. பூதம் என்றால் ஆளைக் கண்டதும் ஓட வேண்டும். இவன் அடி வாங்கியும் வெளிச்சத்தை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தான். கழுத்தில் காதுக்கு மாட்டுகிற பெரிய ஹெட்போன் ஒன்று அறுந்த வயரோடு தொங்கியது. ஒரு காலில் சப்பாத்து இல்லை. அடிபடாத கையைத் தூக்கி மேல் மலையின் இருட்டைக் காட்டினான். வாயிலிருந்து இரத்தத்தைத் துப்பிவிட்டு, "மேல… இன்னொராள்… உசிரோட" என்றான். தமிழில்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஆண்கள் மேலே ஓடினார்கள். யாரோ அலவாங்கு கேட்டார்கள், இரும்பை நெம்புவதற்கு. ஒரு சிறிய விமானம் யூக்கலிப்டஸ் மரங்களில் இறக்கையை விட்டுவிட்டுத் தேயிலைக்குள் பக்கவாட்டில் கிடப்பதாகவும், ஓட்டி வந்தவரின் கால்கள் உள்ளே நசுங்கி மாட்டியிருப்பதாகவும் ஒருவன் ஓடி வந்து சொன்னான். தூக்கிவரப் பலகை வேண்டுமாம்.

"கதவ கழட்டு" என்றார் அண்ணன்.

அலவாங்காலேயே கீலைப் பெயர்த்தார்கள். அரை மணி நேரமாக நான் திறக்காமல் காத்த கதவு கண்மூடித் திறப்பதற்குள் சுவரை விட்டு வந்தது. வாசல் வெறும் ஓட்டையாக நின்றது. பனிமூட்டம் உள்ளே வந்தது. மகள் என் கழுத்தை விடவில்லை. அடிபட்டவரை அண்ணி என் கதிரையில் உட்காரவைத்துத் துணியால் முகத்தைத் துடைத்தாள். கறுப்பு எண்ணெய் போகப் போக உள்ளிருந்து முப்பது வயது முகம் ஒன்று வந்தது. சாதாரண முகம். வத்தேகம கடைத்தெருவில் பார்த்தால் திரும்பிப் பார்க்க மாட்டோம்.

கொஞ்ச நேரத்தில் என் கதவை எட்டுப் பேர் தோளில் வைத்துக் கொண்டுவந்தார்கள். முற்றத்தில் மாற்றிப் பிடிப்பதற்காக ஒரு நிமிடம் இறக்கினார்கள். கதவின் மேல் நரைத்த தலை மனிதர் ஒருவர், அறுபது வயதிருக்கும். கால் பக்கம் போர்வை நனைந்து கறுத்திருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை, முற்றத்து பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல்கள் கதவின் ஓரத்தைப் பிடித்திருந்தன. கொழுந்து ஏற்றுகிற லொறியில் கதவோடு ஏற்றி இருவரையும் கண்டிக்குக் கொண்டு போனார்கள்.

விடியும் முன்னே செய்தி வந்தது. பெரியவர் கண்டி போய்ச் சேரவில்லை. லொறி ஓட்டிய தம்பி காலையில் பீலியடியில் நின்று சொன்னான்: "ரத்தம் ரொம்ப போயிருச்சாம்க்கா. கொஞ்சம் முந்தி கொண்டாந்திருந்தா ஒருவேளை பாத்திருக்கலாம்னாங்க." அவன் எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னான். நான் வாளியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதிகாரிகள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், சிங்களத்தில் கேட்டு எழுதினார்கள். எஞ்சினில் எண்ணெய்க் குழாய் வெடித்ததாகவும் அதனால் அது நின்றுபோனதாகவும் அவர்கள் பேசிக்கொண்டதில் புரிந்தது. தோளில் விழுந்த அடியைப் பற்றிச் சொல்வதில்லை என்று தோட்டம் முழுக்க ஒரே வாயாக இருந்தது. என்னிடம் கேட்டபோது, "ஆள் வந்து தட்டினார், நான் தகரம் அடித்தேன்" என்றேன். இரண்டும் உண்மை. நடுவில் இருந்ததை அவர்கள் கேட்கவில்லை. எழுதிக்கொண்டு, நல்ல காரியம் செய்தீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கதவு திரும்பி வரவில்லை. புதுக் கதவு வரும்வரை கணவர் ஒரு போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டார். இரவில் அது காற்றில் உள்ளே வந்து உள்ளே வந்து போகும். யாரோ அந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருப்பதுபோல் கீழ்ப்பகுதி புடைக்கும். நான் தூங்கவில்லை. கிறீஸ் பூதம் வரும் என்ற பயம் எனக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் வேறு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. எட்டரைக்குப் பாட்டு, ஒன்பதுக்குப் பாட்டு. அந்த அரை மணியை உலகத்தில் ஒரே ஒருத்தி அறிவாள். யாராவது ஒரு நாள் வந்து கணக்குக் கேட்டால் என்ன சொல்வேன்?

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அன்று என் கதவைத் தட்டியவர் வந்தார். கையில் பேரீச்சம்பழப் பெட்டியும் மகளுக்கு ஒரு பொம்மையும். கண்டிக்குப் பக்கத்து ஊரைச் சேர்ந்த முஸ்லிம் சகோதரர். விமானம் வைத்திருந்த முதலாளியிடம் வேலை செய்தவர், அன்று கிழக்குப் பக்கம் ஒரு வேலைக்குப் போய்த் திரும்பும்போதுதான் அது நடந்தது. தோளில் இன்னும் பட்டி போட்டிருந்தார். புதுக் கதவு திறந்தே இருந்தது, ஆனாலும் வெளியே நின்று குரல் கொடுத்தார். நான் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"தங்கச்சி, ஒங்களுக்கு நன்றி செல்லாம எனக்கு நிம்மதி இல்ல" என்றார். "அந்தத் தகரச் சத்தம் நான் கண்ண மூடி மௌத்தாகுற நேரமும் காதுல கேக்கும். ஆக்களக் கூப்பிடுறாங்க, இனி பயமில்ல எண்டு நெனச்சேன்."

அவர் வந்த சேதி கேட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். கீழ்வீட்டு அண்ணன் கொய்யா மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நேரே வந்து அவர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டார்.

"தம்பி, அந்தத் தோளு விமானத்துல ஒடையல. நான்தான் அடிச்சேன். மன்னிச்சிருங்க" என்றார்.

வந்தவர் அண்ணனையே பார்த்தார். பிறகு, அண்ணனை அவர்கள் முறையில் 'நானா' என்று கூப்பிட்டுச் சிரித்துவிட்டார்.

"நானா, ஆஸ்பத்திரியில என்ட மூஞ்சிய போன்ல பார்த்தேன். என்ட உம்மாவே அடிச்சிருப்பா" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் அழுதார். அவர் விரித்த உள்ளங்கையை வந்தவர் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் நானும் சொல்லியிருக்க வேண்டும். வாய் நீளமானவள், எந்த இடத்திலும் முந்திக்கொள்கிறவள், வெறும் தேத்தண்ணீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நின்றேன்.

பிறகு அவர் பெரியவரைப் பற்றிச் சொன்னார். "எஞ்சின் நின்ன பொறகும் அவர் சத்தமா ஒரு வார்த்தை பேசல. கண்ணாடி வெடிச்சி எண்ணெ முழுக்க என் மேல. அவர் பக்கத்து ஜன்னலால எட்டிப் பார்த்துத்தான் ஓட்டினாரு. பல்லேகலப் பக்கம் நல்ல வெளிச்சம். அங்க திருப்புங்க எண்டேன். 'வெளிச்சம் இருந்தா வீடு ஈக்கும், ஆக்கள் மேல விழக் கூடாது' எண்டு இருட்டுப் பக்கம் திருப்பினாரு. கடைசியில முன்னுக்கு ஒரே ஒரு பல்பு தெரிஞ்சிச்சி. நேரா அதுக்குத்தான் போனோம். 'ஐயோ வீடு' எண்டு எடது பக்கம் இழுத்தாரு. அதுலதான் மரத்துல பட்டிச்சி."

அவர் முற்றத்து பல்பை அண்ணாந்து பார்த்தார். பகலில் அது அணைந்திருந்தது. மகள் பொம்மையின் சப்பாத்தைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தாள். அவள் அன்று தூங்கிக்கொண்டிருந்த பாய் விரிக்கிற இடத்தை நான் பார்த்தேன். அந்த மனிதர் எங்களை விட்டு விலகித்தான் இருட்டில் போய் விழுந்தார். விழுந்து, கால் மாட்டி, எங்கள் வீட்டு வெளிச்சத்துக்கு ஆளை அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். நான் கதவைத் திறக்காமல் படுத்திருந்தேன்.

கூட்டம் கலைந்தது. புறப்படும் நேரத்தில் அவர் படியருகில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கணும். பெரியவர்ட பொஞ்சாதியப் பார்க்கப் போனேன். அவங்க ஒரே கேள்விதான் கேட்டாங்க. நேரம் ஏதும் வீணாப் போனிச்சா, முந்தி எடுத்திருந்தா தப்பியிருப்பாரா எண்டு. எனக்குக் கதவத் தட்டினது ஞாபகம் ஈக்கி, தகரம் கேட்டது ஞாபகம் ஈக்கி. நடுவுல மயங்கிட்டேன் போல, ஒண்டும் தெரியா. நான் தட்டி எவ்வளவு நேரத்துல தகரம் அடிச்சீங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகம் இல்லாத முகம். பதிலைக் கொண்டுபோய் ஒரு பெண்ணின் கையில் கொடுக்கக் காத்திருக்கிற முகம். உண்மையைச் சொன்னால் அந்த அம்மா வாழ்நாள் முழுக்க என் அரை மணியைச் சுமப்பார். அப்படி நினைத்துத்தான் சொன்னேன் என்று எழுத ஆசை. உண்மையில் நான் பயந்துபோனேன். அந்த முகம் மாறுவதைப் பார்க்கப் பயம்.

"உடனே" என்றேன்.

"ஒடனேயா?"

"தட்டின ஒடனேங்க. ஒரு நிமிஷம்கூட ஆகல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணை மூடித் திறந்தார். "அவங்க இண்டைக்கு ராவு நித்திர கொள்ளுவாங்க." பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு, வளைவில் இறங்கி மறையும்வரை மூன்று தடவை திரும்பிக் கையசைத்தார்.

அந்த நாடகம் இன்னும் முடியவில்லை. எட்டரைக்குப் பாட்டு தொடங்கும்போது நான் எழுந்துபோய் முன்கதவை அகலத் திறந்து வைக்கிறேன். பனி வருகிறது என்று மகள் முணுமுணுப்பாள். பூச்சி வருகிறது என்று கணவர் சொல்வார். ஏன் என்று கேட்டால், காற்று வரட்டும் என்பேன். அவர்கள் டிவியைப் பார்க்கிறார்கள். நான் டிவிக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்துக்கொண்டு, ஒன்பது மணிப் பாட்டு வரும்வரை உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் பயமாகத்தான் இருக்கிறது.